என் வயித்துக்குள்ள குடிவந்தவங்களுக்கு

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆணா பொண்ணா, கல்யாணம் ஆனவங்களா, என்ன வேலை பாக்குறீங்க, ஒண்ணும் தெரியாது. கேட்டுப் பாத்தேன். "எங்களுக்கே தெரியாதும்மா, டப்பா மேல வெறும் நம்பர்தான்"னு நர்ஸ் அக்கா சொல்லிட்டாங்க. ஆனா நேத்து காலையிலேர்ந்து உங்க குடல்ல குடியிருந்ததெல்லாம் என் குடல்ல குடியிருக்கு. அப்படிப் பாத்தா இந்த ரூம்ல நான் தனியா இல்ல. ஆனா தனியாத்தான் இருக்கேன்.

தூக்கம் வரல. வயித்து மேல கைய வச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்திருக்கேன். உள்ள லேசா கடமுடன்னாலே பயமா இருக்கு, வியாதி திரும்ப வந்துடுச்சோன்னு. யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கு. இந்த வரிசை ரூமுக்கெல்லாம் ராத்திரி துணைக்கு ஆள் தங்கக்கூடாதாம். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. பக்கத்துல என்ன, உள்ளயே இருக்கீங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன். மெதுவாத்தான் பேசுவேன். வெளிய மேஜையில உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேட்டுச்சுன்னா, வயித்தோட சேத்து மூளையும் போச்சுன்னு எழுதி வச்சுடுவாங்க.

உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு யோசிச்சேன். அண்ணான்னு கூப்பிட மாட்டேன். அந்த எடத்துக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். அவன் என்கூடப் பேசி நாலு நாளாச்சு.

இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன்.

எனக்குப் பதினாறு வயசு. ஸ்கூல் பின்பக்கம் பெஞ்சு உடைச்சுப் போட்டிருந்த எடத்துல ஒரு ஆணி, செருப்பைத் தாண்டி கால்ல ஏறிடுச்சு. கால் வீங்கி, சீழ் வச்சு, நடக்க முடியல. டாக்டர் ஒருத்தர் சிவப்பும் நீலமுமா கேப்ஸ்யூல் எழுதிக் குடுத்தார். கால் சரியாச்சு. வயிறு போச்சு.

முதல்ல சும்மா பேதின்னுதான் நெனச்சோம். அப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ண முடியாம ஆயிடுச்சு. காய்ச்சல், வயித்துல முறுக்கிப் பிழியற வலி, ரெண்டு வாரத்துல ஸ்கூல் பாவாடை இடுப்புல நிக்கல. பரிசோதனை பண்ணினா ஏதோ பிடிவாதம் பிடிச்ச கிருமியாம். மருந்து சாப்பிட்டா அடங்குது. நிறுத்தினா பத்தே நாள்ல வந்து நிக்குது. இப்படியே மூணு தடவை.

எங்க வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு டாய்லெட். அது எனக்குன்னு ஆயிடுச்சு. மத்தவங்களுக்கு ஒட்டிக்குமாம். அப்பா அவரோட டயர் கடைக்குப் பக்கத்துல போயிட்டு வருவார். அம்மா மாடி வீட்டுல கேட்டுக்கிட்டுப் போவாங்க. அண்ணன் எங்க போறான்னு யாரும் கேக்கல, அவனும் சொல்லல. தரையெல்லாம் பிளீச்சிங் வாசம். எனக்குத் தனித் தட்டு, தனி பக்கெட், தனி சோப்பு. என்கூடப் படிக்கிறவ ஒருத்தி பாக்க வந்தா, வாசல்லயே நின்னு பேசிட்டு, செருப்பைக்கூடக் கழட்டாமப் போயிட்டா. அப்புறம் வரல. அவ மேல கோபமெல்லாம் இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பேன். அது தெரிஞ்சப்பத்தான் இன்னும் ஒரு மாதிரி இருந்துச்சு.

பயப்படாம கிட்ட வந்தது அண்ணன் ஒருத்தன்தான். தடியன்னு கூப்பிடுவேன். அவன் என்னை எலின்னு கூப்பிடுவான். பார்சல் குடோன்ல மூட்டை ஏத்தி இறக்கற வேலை. சாயங்காலம் வந்ததும் டாய்லெட் கதவுக்கு வெளிய ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவான்.

"எலி, ஸ்கோர் என்ன?"

"பதினொண்ணு."

"அடேங்கப்பா. நேத்தைவிட ஒண்ணு கம்மி. ஃபார்ம் போயிடுச்சு உனக்கு."

உள்ள வலியில சுருண்டுக்கிட்டே சிரிப்பேன். ஒரு நாள் கூட அவன் கேக்காம இருந்ததில்ல. ஆஸ்பத்திரியில சேத்தப்புறம் போன்ல கேட்டான்.

அவனைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பன்னெண்டாவது ரெண்டு தடவை ஃபெயில். டிரைவிங் டெஸ்ட்ல வண்டியைப் பின்னாடி எடுக்கச் சொன்னா, டெஸ்ட் வைக்கிறவரோட ஸ்கூட்டர் மேலயே ஏத்திட்டான். அதனால அதுவும் ஃபெயில். அப்பா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டே ரொம்ப நாளாச்சு. "தண்டம் வந்துடுச்சா?", "தண்டம் சாப்பிட்டுச்சா?" அவ்வளவுதான். அவனும் "தண்டம் ஆஜர்"னு சொல்லிட்டுத் தட்டை எடுத்து வச்சுக்குவான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான்.

மூணாவது தடவை திரும்ப வந்தப்ப இந்த ஆஸ்பத்திரியில சேத்தாங்க. டாக்டரம்மா ஒரு நாள் எங்க எல்லாரையும் ஒண்ணா வச்சுச் சொன்னாங்க. "இனிமே மருந்தை மட்டும் நம்ப முடியாது. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தை எடுத்து, கலக்கி, வடிகட்டி, இவ குடலுக்குள்ள விடணும்."

அம்மா சேரை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"எதை டாக்டர்?"னு அம்மா கேட்டாங்க.

"மலத்தை."

அம்மா அப்பாவைப் பாத்தாங்க. அப்பா செருமிக்கிட்டு, "டாக்டர், நான் டயர் கடைக்காரன், படிக்காதவன். ஆனா வெளிய வர்றது வெளிய போகத்தானே வருது? அதை எதுக்கு மறுபடியும் உள்ள..."ன்னார்.

அண்ணன் வாயைப் பொத்திக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிட்டான். தோள் ரெண்டும் குலுங்குது.

டாக்டரம்மா கோச்சுக்கல. "உங்க பொண்ணோட குடல் ஒரு தெரு மாதிரின்னு வச்சுக்கோங்க. நல்லவங்க, சுமாரானவங்கன்னு ஆயிரக்கணக்குல குடியிருந்தாங்க. காலுக்குக் குடுத்த மருந்து அத்தனை பேரையும் காலி பண்ணிடுச்சு. பூட்டியிருந்த வீட்டையெல்லாம் உடைச்சு ஒரு ரவுடி உக்காந்துட்டான். நாங்க அடிச்சா ஓடறான். தெரு காலியாவே கெடக்கறதால திரும்ப வர்றான். தெருவுல மறுபடியும் ஆள் குடிவரணும். ஆள் இருந்தா ரவுடிக்கு எடம் கிடையாது."

"அப்ப மலத்துல இருக்கிறது...?"

"குடும்பம் குடும்பமா இருக்காங்க."

இதுக்குன்னு சேமிச்சு வைக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி ரொம்ப தூரத்துல இருக்காம். அங்க கேட்டதுக்கு, வரிசை நீளமா இருக்கு, எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம். அதனால வீட்டு ஆளுங்களையே பரிசோதிச்சாங்க. ரத்தம், மலம், அப்புறம் கேள்வி மேல கேள்வி. அம்மா ஒரே கேள்வியில வெளிய. போன மாசம் நீர்க்கடுப்புக்கு மாத்திரை போட்டிருந்தாங்க. கிருமியைக் கொல்ற மாத்திரை எதுவும் மூணு மாசத்துக்குள்ள போட்டிருக்கவே கூடாதாம். அப்பாவோடதுல புழு முட்டை இருந்துச்சு. "எனக்கா? எனக்கா?"ன்னு அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். அதுக்கு எழுதிக் குடுத்த மருந்துச் சீட்டை நாலா மடிச்சு சட்டைப் பைக்குள்ள போட்டு, மேல கைக்குட்டையையும் திணிச்சார்.

அண்ணன் பாஸ்.

எல்லாத்துலயும் பாஸ். "தங்கமான வயிறு"ன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். வீட்டுக்குப் போற வழியிலயே எனக்கு போன் பண்ணினான். "எலி, என் வாழ்க்கையில நான் முழு மார்க் வாங்கின ஒரே பரீட்சை. அதுவும் படிக்காமலே."

அதுக்கப்புறம் வீட்டுல நடந்ததெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளிய எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு அம்மா டிபன் கட்டி குடோனுக்கே கொண்டுபோய்க் குடுத்தாங்க. மீன் துண்டுல பெருசு அவன் தட்டுக்கு வந்துச்சு. சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் அவன் எனக்கு ரத்தம் குடுக்கப் போறான்னு அம்மா சொல்லி வச்சுட்டாங்க. அத்தை அழுதாங்களாம், இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்னு. "ரத்தம்னா கட்டில்ல படுத்துக்கிட்டு போட்டோ எடுத்துப் போடலாம். இதுக்கு எந்த போஸ்ல எடுக்கறது சொல்லு?"ன்னான். "காலையில நான் போயிட்டு வந்தா அம்மா வாசல்ல நின்னு 'நல்லாப் போச்சா கண்ணா'ன்னு கேக்குறாங்க. இவ்வளவு பாசம் நான் பொறந்தப்பக்கூட கெடைச்சிருக்காது."

நானும் சிரிச்சேன். உண்மையிலேயே சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவனோட தெருவுல இருந்து என் தெருவுக்கு ஆளுங்க வரப் போறாங்க. அவனை மாதிரியே சத்தமா, ஜோக்கடிச்சுக்கிட்டு வருவாங்கன்னு நெனச்சேன்.

அவனோடதை உள்ள விடறதா இருந்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், மஞ்சக் கவுன் மாட்டிக்கிட்டு நர்ஸ் அக்கா ஊசி போட வந்தாங்க. என்னை மகாராணின்னுதான் கூப்பிடுவாங்க, தனி ரூம், தனி பாத்ரூம்னு. "மகாராணிக்குக் குடுத்து வச்சிருக்கு. உங்க அண்ணன் மாதிரி ஆள் கெடைக்கிறது கஷ்டம். மூணு மாசமா ஒரு மாத்திரை கூடத் தொட்டதில்லையாம்"னாங்க.

அப்பதான் எனக்கு அவனோட கன்னம் ஞாபகம் வந்துச்சு.

ஒண்ணரை மாசத்துக்கு முன்னாடி. எனக்கு ரெண்டாவது தடவை வர்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் நல்லா இருந்தேனே, அந்த வாரம். அவனுக்குக் கடைவாய்ப் பல்லு வலிச்சு ஒரு பக்கக் கன்னம் பன்னு மாதிரி உப்பிக்கிச்சு. லீவு போட்டா சம்பளம் போயிடும்னு டாக்டர்கிட்ட போகல. ராத்திரியெல்லாம் முனகினான். எங்க வீட்டுல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. யாருக்கு வாங்கின மாத்திரை மிச்சமானாலும் அதுலதான் போகும். அதுல என்னோட சிவப்பு நீல கேப்ஸ்யூல் மிச்சம் இருந்துச்சு. கால் ஆறினதும் நானே பாதியில நிறுத்திட்டேன். அதை நான்தான் எடுத்துக் குடுத்தேன். "சீழைக் காய வைக்கும், போட்டுக்கோ"ன்னு ஏதோ பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். நாலு இருந்துச்சு. நாலும் போட்டான். வீக்கம் வடிஞ்சுது. ரெண்டு பேரும் மறந்துட்டோம்.

என் தெருவைக் காலி பண்ணின அதே கேப்ஸ்யூல்.

நர்ஸ் அக்கா போனதும் அவனுக்கு போன் பண்ணினேன். குடோன்ல இருந்தான்.

"டேய் தடியா, உனக்குப் பல்லு வலிச்சுதே?"

"எப்ப?"

"கன்னம் பன்னு மாதிரி ஆச்சே. நான் மாத்திரை குடுத்தேனே."

அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருள்ற சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுச்சு, ஏதோ மூலைக்கு நடந்து போயிருப்பான் போல.

"அதெல்லாம் ஒரு மாத்திரையா? நீ குடுத்ததுதானே."

"நான் குடுத்தா அது மிட்டாயா?"

"நாலே நாலுடி."

"அவங்க கேட்டாங்கல்ல?"

"டாக்டர் ஏதாவது குடுத்தாங்களான்னு கேக்கற மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. எந்த டாக்டரும் எதுவும் குடுக்கல. இல்லன்னுட்டேன்." குரலை இறக்கினான். "அப்புறம் வீட்டுல படுத்திருக்கும்போது ஞாபகம் வந்துச்சு. வந்துச்சுதான். சொல்லியிருக்கணும். ஆனா அதுக்குள்ள அப்பா..."

"அப்பா என்ன?"

"கடையில கஸ்டமர் எல்லாரும் நிக்கிறாங்க எலி. அத்தனை பேர் முன்னாடியும் என் தோள்ல கைபோட்டு, 'என் பையன்'னார். தண்டம்னு சொல்லல. பையன்னார். கையெல்லாம் கிரீஸ். என் நீலச் சட்டை போச்சு. நான் இன்னும் அதைத் தோய்க்கல."

நான் போனைக் காதோட இன்னும் அழுத்திக்கிட்டேன்.

"சொல்லிடாத எலி. இப்ப என் வயிறு கல்லு மாதிரி இருக்கு. டெஸ்ட்லயும் ஒண்ணும் வரல. வேற யாரு இருக்கா சொல்லு? நான்தானே இருக்கேன்."

"சரி. சொல்லல."

அந்தச் சரியை நான் மனசாரத்தான் சொன்னேன். அதை மட்டும் நீங்க நம்பணும்.

அன்னைக்குச் சாயங்காலம் வயித்தைச் சுத்தம் பண்ண ஒரு பெரிய குப்பி நிறைய மருந்துத் தண்ணி குடுத்தாங்க. உப்புக்கடல்ல எலுமிச்சம்பழம் விழுந்த மாதிரி ஒரு ருசி. அதைக் குடிச்சு, போயி, குடிச்சு, போயி, உள்ள ஒண்ணுமே இல்லாம ஆயிட்டேன். காலி தெருன்னா என்னன்னு அப்பதான் புரிஞ்சுது. மறுநாள் காலையில கட்டில்ல உக்காந்து, கதவுல இருக்கிற கண்ணாடி வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன்.

அண்ணன் வந்தான். ஆஸ்பத்திரியில குடுத்த வெள்ளை டப்பாவை ஒரு பைக்குள்ள வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ஜெயிச்ச கோப்பையைக் கொண்டு வர்றவன் மாதிரி நடந்து வந்தான். பின்னாடி அம்மா அப்பா. அப்பா ஷேவ் பண்ணியிருந்தார். பஸ்ல பக்கத்துல உக்காந்தவர், "என்னப்பா, மத்தியானச் சாப்பாடா?"ன்னு கேட்டாராம். அம்மா அப்புறமாச் சொன்னாங்க. இவன், "ஆமாங்க, தங்கச்சிக்கு"ன்னானாம்.

கண்ணாடி வழியா என்னைப் பாத்துப் புருவத்தைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

அப்ப டாக்டரம்மா உள்ள வந்தாங்க. "எல்லாம் தயாரா? ஏதாவது கேக்கணுமா?"ன்னாங்க. சும்மா வழக்கமாக் கேக்கற கேள்விதான். இல்லன்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன்.

"டாக்டர், இதுவும் சரிப்படலன்னா அடுத்தது யாரு?"

"அதையெல்லாம் இப்ப யோசிக்காத."

"அம்மா முடியாது. அப்பா முடியாது. அடுத்தது யாரு?"

அவங்க கையில இருந்த ஃபைலைப் புரட்டினாங்க. நான் ஏதோ நேர்மையான பொண்ணுன்னு நெனச்சுடாதீங்க. எனக்கு பயம். செத்துடுவேனோன்னு பயம். அவ்வளவுதான். "அண்ணன் மாத்திரை போட்டிருக்கான் டாக்டர். ஒண்ணரை மாசம் முன்னாடி. என்னோட கேப்ஸ்யூல். நான்தான் குடுத்தேன்"னு சொல்லிட்டேன்.

முகமூடிக்கு மேல அவங்க கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. "எத்தனை?"

"நாலு."

"அப்ப அவரோட தெருவுலயும் எத்தனை வீடு காலியோ"ன்னு மெதுவாச் சொன்னாங்க. "அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில மறுபடியும் பேசிப் பாக்கறேன். கெடைக்கும்னு சொல்ல முடியாது." வெளிய போனாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது எதுவும் எனக்குக் கேக்கல. பாக்க மட்டும்தான் முடிஞ்சுது. டாக்டரம்மா பேசறாங்க. அண்ணன் தலையாட்டறான். இன்னொரு தடவை தலையாட்டறான். அப்பாவோட வாய் மட்டும் பெருசா அசையுது. அம்மா அப்பா கையைப் பிடிக்கிறாங்க. அந்த டப்பாவை என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. அண்ணன் அதை இன்னும் ரெண்டு கையாலதான் பிடிச்சிருந்தான். நர்ஸ் அக்கா வந்து வாங்கிக்கிட்டுப் போனாங்க. வாங்கின அப்புறமும் அவன் கை அப்படியே நின்னுச்சு.

அப்புறம் ஒண்ணு பண்ணினான். அந்தக் கோடியில இருக்கிற வாஷ்பேசினுக்குப் போனான். ஜெல் தடவினா இந்தக் கிருமி போகாது, சோப்பும் தண்ணியும்தான்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருந்தாங்க. விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டுன்னு பொறுமையாக் கழுவினான். அவ்வளவு கோபத்துலயும் கழுவினான். கையை உதறிட்டு, என் கதவுப் பக்கம் திரும்பாமலே போயிட்டான்.

சாயங்காலம் ஸ்கோர் கேட்டு போன் வரல. நானும் பண்ணல. மறுநாள் அம்மா வந்தப்ப சொன்னாங்க: "அவன் நேத்திலேர்ந்து சரியாச் சாப்பிடல. உங்க அப்பா வேற, 'மலத்துல கூட ஏமாத்தறவன் வேற எதுலதான் யோக்கியமா இருப்பான்'னு கேட்டுட்டார். நீயாவது அவன்கிட்ட பேசு கண்ணு." பேசலாம்தான். நான் கூப்பிட்டேன். எடுக்கல.

அப்புறம்தான் நீங்க வந்தீங்க. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில யாரோ ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து தள்ளிப் போச்சாம், அவங்களுக்கு வச்சிருந்ததை எனக்கு அனுப்பினாங்களாம். ஐஸ் புகை கக்குற ஒரு பெட்டியில வந்தீங்க. என்னைத் தூங்க வச்சு, பின்பக்கமா குழாய் விட்டு உங்களை உள்ள விட்டாங்க. கண் முழிச்சப்ப, "எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டு அசையாமப் படு"ன்னாங்க. படுத்தேன். பஸ்ல எடம் பிடிச்சு வச்சுக்கிட்டு, வேண்டியவங்க ஏர்ற வரைக்கும் உக்காந்திருப்போமே, அப்படி உங்களுக்காக எடம் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

குடுக்க வர்றவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் தேறுவாங்கன்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க. அப்ப நீங்க எல்லாக் கேள்விக்கும் உண்மையே சொன்னவங்க. உங்க வீட்டுல பிஸ்கட் டப்பா இல்ல போல. உங்களுக்கு தங்கச்சி இருக்காளா? அவளுக்கு இதெல்லாம் தெரியுமா?

இன்னைக்கு சாயங்காலம் அப்பா தனியா வந்தார். அந்த மஞ்சக் கவுன் அவருக்குப் பத்தல. முழங்கை வரைக்கும்தான் வந்துச்சு. கிளவுஸ் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். என்ன பேசறதுன்னு தெரியாம, "ஃபேன் நல்லா ஓடுதா?"ன்னார்.

"ஓடுதுப்பா." அப்புறம் கேட்டேன். "அண்ணன் வரலையா?"

"அவன் பேச்சை எடுக்காத."

"அப்பா, அந்த மாத்திரையை அவன் தானா எடுத்துப் போடல. நான்தான் குடுத்தேன்."

"நீ எதுக்குக் குடுத்த?"

"டப்பாவுல இருந்துச்சு."

"மிச்சத்தைத் தூக்கிப் போடறதுக்கென்ன?"

நான் அவரையே பாத்தேன். அவருக்கு உறைக்கல, நானே சொன்னேன்.

"தூக்கிப் போட்டா திட்டுவீங்க. எப்பவாவது உதவும்னு நீங்கதானே வைக்கச் சொல்லுவீங்க? அதுல உங்க முதுகுவலி மாத்திரை இருக்கு, அம்மா காய்ச்சல் மாத்திரை இருக்கு. செத்துப்போன பெரியப்பாவோட பிரஷர் மாத்திரை கூட இன்னும் இருக்கு. அவருக்கே உதவல அது."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துச்சா இருமல் வந்துச்சான்னு தெரியல. முகமூடி இருந்துச்சு. அப்புறம் எழுந்து கிளவுஸைக் கழட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நகத்துக்குள்ள இருக்கிற கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. கதவுகிட்ட நின்னு, "அவன் என்னடான்னா ஒரு அழுக்குச் சட்டையைத் தோய்க்க விட மாட்டேங்கிறான்னு உங்க அம்மா ஒரே சண்டை. தோள்ல கிரீஸ் வேற. என்ன பிடிவாதமோ"ன்னார்.

எனக்குத் தெரியும். சொல்லல. அவன் சொல்லாதன்னு சொன்ன ஒண்ணைச் சொல்லிட்டேன். இது ஒண்ணாவது அவன்கிட்டயே இருக்கட்டும்.

அப்பா போனப்புறம் அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அவன் கேக்கல, நானாத்தான் அனுப்பினேன். "இன்னைக்கு ஸ்கோர் ஒண்ணு." அவ்வளவுதான். ரொம்ப நாளா இப்படி ஒரு ஸ்கோர் வந்ததே இல்ல. பதில் இல்ல. சாப்பாடு வந்துச்சு, போச்சு. லைட்டை அணைச்சாங்க. பதில் இல்ல. அப்புறம்தான் உங்ககிட்ட பேச ஆரம்பிச்சேன்.

இருங்க, ஒரு நிமிஷம். போன்ல வெளிச்சம் வருது.

அவன்தான்.

"அப்பா பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணிட்டார். மருந்துக்கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்தார். டப்பா மட்டும் உதவும்னு வச்சுக்கிட்டார்."

கீழ இன்னொண்ணு.

"ஒண்ணுதானா? நிஜமாவா?"

நிஜமாத்தான்னு அனுப்பினேன். கெட்டியான்னு கேட்டான். கெட்டின்னு அனுப்பினேன். வேற எந்த அண்ணன் தங்கச்சி இப்படி ஒண்ணைப் பேசிக்குவாங்கன்னு தெரியல. மன்னிச்சுடுன்னு டைப் பண்ணினேன், அழிச்சேன். அவனும் எதையோ டைப் பண்ணி அழிச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் வந்துச்சு.

"எவனோ ஒருத்தன் உள்ள வந்து உக்காந்துட்டான். இனிமே நீ என் தங்கச்சியா, அவன் தங்கச்சியா?"

இது ஜோக்கா இல்ல கோபமான்னு எனக்குத் தெரியல. முகத்தைப் பாத்தாத் தெரியும். முகம் இங்க இல்ல. நாளைக்கு வர்றியான்னு கேக்கணும். வர மாட்டேன்னு சொல்லிட்டா?

இப்ப வயிறு சத்தம் போடுது. உங்களுக்கும் கேக்குதா? முறுக்கல. வலிக்கல. வேற மாதிரி ஒரு சத்தம், ரொம்ப நாளாக் கேக்காதது. எனக்குப் பசிக்குதுன்னு நெனக்கிறேன்.

அவனுக்கு இப்படி எழுதிட்டேன்: "உன் தங்கச்சிதான். பசிக்குது. காலையில ஏதாவது கொண்டு வா. பெரிய மீன் துண்டா."

போயிடுச்சு. பாத்துட்டான்னு காட்டுது. இன்னும் பதில் வரல.

நீங்க மட்டும் அதுக்குள்ள எங்கயும் போயிடாதீங்க. வீடு நிறைய காலியா இருக்கு. பிடிச்ச வீட்டுல இருந்துக்கோங்க.